சிலந்திதான் என்று இருந்துவிடாதீர்கள்



மழை தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் விஷயமும் மாறிவிடுகிறது. குருநாகல் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். விறகு எடுக்கப் போன மாமியை உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று கடித்துவிட்டதாம். அடுத்த வீட்டார் சுண்ணாம்பு பூசச் சொன்னார்களாம். இன்னொருவர், "ஓதிப் பார்த்தால் போதும், ஆஸ்பத்திரி எதற்கு?" என்றாராம். எது சரி என்று கேட்கிறார். புத்தளத்திலிருந்து மற்றொரு சகோதரியின் கடிதம். பாயில் படுத்திருந்தபோது இரவில் கையில் ஏதோ சுருக்கென்று குத்தியது, விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றையும் காணோம், சிலந்தியாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன், இப்படிக் கடித்தால் என்ன மருந்து பூசுவது என்று கேட்டிருக்கிறார். அவர் கடிதம் எழுதும் சுகத்தோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மாமியைக் கடித்தது இன்னதென்று கண்ணால் கண்டிருக்கிறார்கள். புத்தளத்துச் சகோதரியோ எதையும் காணவில்லை. இந்த வித்தியாசத்தில் சில வேளை உயிரே தங்கியிருக்கிறது. அதனால்தான் இம்மாதம் இதையே எடுத்துக்கொண்டேன். நான் டொக்டர் அல்லன். பாடசாலையில் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த ஒருவர் இன்று அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டராக இருக்கிறார். வைத்தியம் சம்பந்தப்பட்ட வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே இங்கே தருகிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. ஆனால் அது ஈயையும் கரப்பானையும் மயக்குவதற்கான அளவுதான். பெரும்பாலானவற்றின் பல் நம் தோலுக்குள் இறங்கவே மாட்டாது. சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டதும் அலுமாரிக்குப் பின்னால் ஓடுகிறதே மண்ணிறப் பெரிய சிலந்தி, சில வேளை வயிற்றடியில் வெள்ளைப் பொத்தானைப் போல முட்டைப் பையையும் சுமந்து திரியும், அதைக் கண்டு அலறாத பெண்பிள்ளை இல்லை. பாவம், அது உங்கள் குசினிக் கரப்பானைத் தின்ன வந்தது. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும். குளவி கொட்டியதைப் போல நோகும், சிவக்கும், ஓரிரு நாளில் ஆறிவிடும்.

இப்படிப்பட்ட கடிக்கு வீட்டிலேயே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். கையில் கடித்திருந்தால் வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், பிறகு மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டி வருகிறது. கடிபட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நோவுக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு போடலாம். ஆறு மணித்தியாலம் கழியாமல் மறுபடி போடக்கூடாது. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே போட வேண்டும். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. அஸ்பிரின் போன்ற வேறு வலிக் குளிசைகளை நீங்களாகப் போடாதீர்கள். கடித்தது வேறெதுவாக இருந்தால், அவை இரத்தம் கசிவதைக் கூட்டிவிடும். ஏற்புத் தடை ஊசி போட்டுப் பல வருடமாகியிருந்தால் அடுத்த நாள் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை, எருக்கம்பால் இவையெல்லாம் தோலைப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யா. பிளேட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் அதைவிடக் கெடுதி. இறுக்கிக் கட்டிய விரல் கறுத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி அந்த டொக்டர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை.

இனி அந்த மாமியைக் கடித்த சிலந்திக்கு வருவோம். சகோதரி எழுதிய அடையாளத்தைப் பார்த்தால், சிங்களத்தில் 'திவி மக்குளுவா' என்கிறார்களே, அதுவாகத்தான் இருக்க வேண்டும். சாம்பல் நிற உடம்பு, முதுகில் இலை வரைந்தாற்போலக் கோலம், கால்களில் மயிர். சீண்டினால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது கால்களின் அடிப்புறத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் தெரியும். மரப்பொந்துதான் இதன் சொந்த வீடு. தென்னந்தோட்டங்கள் நிறைந்த பகுதிகளில் வீட்டுக் கூரைக்கும் விறகுக் குவியலுக்கும் வந்துவிடும், மழைக்காலத்தில் அதிகமாக. இதே குடும்பத்துச் சிலந்தி ஒன்றை மாங்குளத்தில் கண்டு, புதிய இனமென்று 2012இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது மரங்களில் மட்டுமல்ல, அங்கிருந்த ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் விடுதியிலும் குடியிருந்ததாம்!

திவி மக்குளுவா கடித்தால் மனிதர் இறந்துவிடுவார் என்று கிராமங்களில் சொல்கிறார்கள். அப்படி ஒரு மரணம் வைத்திய ஏடுகளில் உறுதியாகப் பதிவாகவில்லை. ஆனால் இலேசான கடியுமல்ல. கடித்த உடனே கடும் நோவும் வீக்கமும் வரும். சில மணித்தியாலம் கழித்து, சிலருக்குச் சில நாள் கழித்துக்கூட, கெண்டைக்கால், தொடை, முதுகு என்று தசைகள் முறுக்கிப் பிடிக்கும். வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். இந்தப் பிடிப்பு விட்டு விட்டு வாரக்கணக்கில் வருவதும் உண்டு. இதற்கென்று தனியான விஷமுறிப்பு ஊசி நம் நாட்டில் இல்லை. பிடிப்பைத் தளர்த்தவும் நோவைக் குறைக்கவும் மருந்து கொடுத்துக் கவனிப்பார்கள். ஆகவே அந்தச் சகோதரிக்கு என் பதில்: கழுவுங்கள், கையை அசைக்காமல் உயர்த்தி வைத்து, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடித்த சிலந்தியைப் போத்தலில் போட்டுக் கொண்டுபோகலாம், அல்லது போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளலாம். அதைத் தேடிப் பிடிக்கிறேன் என்று விறகுக்குள் மறுபடி கை விடாதீர்கள். வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் கால் முறுக்கினாலும் மறுபடி போக வேண்டும், "முன்பு சிலந்தி கடித்தது" என்று சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அந்த டொக்டருக்கு எப்படித் தெரியும்?

கடித்தது எந்தச் சிலந்தியானாலும், எந்தப் பூச்சியானாலும், உதடு அல்லது நாக்கு வீங்குதல், மூச்சு இழுத்தல், உடம்பெல்லாம் தடித்தல், மயக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 'சுவ செரிய' அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுதும் வந்துவிட்டது. காசு கேட்க மாட்டார்கள். கர்ப்பிணிகளையும், சிறு பிள்ளைகளையும், இருதய வருத்தக்காரரையும் பெரிய சிலந்தி கடித்தால் நோவு கூடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது புத்தளத்துச் சகோதரி. இந்த மாதத்துப் பக்கத்தில் உண்மையில் நான் எழுத வந்தது இதுதான்.

சகோதரிகளே, இரவில், தரையில் படுத்திருக்கும்போது, காணாத ஒன்று குத்தினால் அதற்குச் சிலந்தி என்று பெயர் வைக்காதீர்கள். நம் நாட்டின் உலர்ந்த பகுதிகளில், அதாவது புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற இடங்களில், கட்டுவிரியன் என்றொரு பாம்பு இருக்கிறது. சில ஊர்களில் எட்டடி விரியன் என்பார்கள், சிங்களத்தில் தெல் கரவலா. கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சோம்பிக் கிடக்கும். இரவில் எலியையும் வேறு பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் பல் சின்னது. கடித்த இடத்தில் பெரிதாக நோவு இராது, வீங்காது, சில வேளை அடையாளமே தெரியாது. எறும்போ சிலந்தியோ என்று சொறிந்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

சில மணித்தியாலம் கழித்து வயிற்றைப் பிடித்து வலிக்கும், வாந்தி வரும். கேஸ்ட்ரிக் என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் கொடுப்போம். பிறகு கண்ணிமைகள் தாமாகவே தொங்கும்; நித்திரைத் தூக்கம் என்று நினைப்போம். பார்ப்பது இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது. அதற்குப் பிறகு மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துவிடும். விஷமுறிப்பு ஊசியும் மூச்சு இயந்திரமும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போனவர்கள் பெரும்பாலும் பிழைத்து வருகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குப் பணமும் இல்லை. வழியில் கண் திறக்காமல், கை கால் அசையாமல் போனாலும் 'முடிந்துவிட்டது' என்று வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். அசைய முடியாமல் கிடக்கும் அவருக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆகவே சட்டம் இதுதான்: கடித்ததைக் கண்ணால் கண்டு சிலந்தி என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் சொன்ன வைத்தியம். காணவில்லையென்றால், அதுவும் இரவென்றால், பாம்பென்றே வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. அங்கே 24 மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லையென்றால் வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு நாள் சமையல் தவறியதைத் தவிர நஷ்டம் ஏதுமில்லை. 'சிலந்திக்கடிக்கா ஓடி வந்தாய்?' என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

மழை கூடிய பகுதிகளில் உள்ளவர்களும் நமக்கில்லை என்று இருக்க வேண்டாம். மஃரிப் நேரத்தில் முற்றத்துச் சருகைக் கையால் அள்ளும்போது சுள்ளென்று பட்டால், அது சிங்களத்தில் 'குணகட்டுவா' என்கிற சின்ன விரியனாக இருக்கலாம். இதற்கு நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிப்பு ஊசி வேலை செய்யாது என்றாலும், சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் டொக்டர்கள் பார்த்தே ஆக வேண்டும். சருகை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டித் தகட்டில் அள்ளுங்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தும் நம் பெண்கள் ஏன் தாமதிக்கிறார்கள்? இது மௌலவி பேச வேண்டிய பகுதி, எனவே ஒளிக்காமல் பேசுகிறேன்.

ஒரு காரணம் வெட்கம். தொடையிலோ மார்பிலோ கடித்திருக்கும். ஆண் டொக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று காலை வரை பொறுத்திருக்கிறார்கள். பெண் டொக்டர் இருந்தால் அவரிடம் காட்டுவதே முறை. இல்லாவிட்டால் ஆண் டொக்டர் தேவையான இடத்தைப் பார்க்கலாம். நிர்ப்பந்தத்தின்போது இது ஆகும் என்பதில் நமது இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. உடன் ஒரு பெண்ணையோ மஹ்ரமையோ வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மற்றது, கணவர் வரட்டும் என்று காத்திருப்பது. அவர் கட்டாரில் இருப்பார், அல்லது கடையில் இருப்பார். நள்ளிரவில் போன் எடுபடாவிட்டால் அனுமதிக்காகக் காத்திருந்து உயிரை விடச் சொல்லி மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், த்ரீவீலைக் கூப்பிடுங்கள், போங்கள். இத்தாவில் இருக்கும் சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவரை இழந்து நாலு மாதமும் பத்து நாளும் இருப்பவர், 'இத்தா முடியாமல் படி தாண்டலாமா?' என்று கேட்பார். பக்கத்தில் இருக்கும் வயதான பெண்களும் தயங்குவார்கள். வைத்தியத் தேவைக்கு வெளியே போகலாம், ஆஸ்பத்திரியில் இரவு தங்க வேண்டி வந்தாலும் தங்கலாம். இத்தா முறியாது. இதைக் கத்தரித்து அவர்களுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஓதிப் பார்ப்பது. ஸஹாபாக்களில் அபூ ஸஈத் அல்குத்ரி (ரழி) அவர்கள் விஷக்கடிபட்ட ஒரு கோத்திரத் தலைவருக்கு ஸூரத்துல் ஃபாத்திஹா ஓதிய சம்பவம் ஸஹீஹுல் புகாரியிலேயே இருக்கிறது. ஓதுவதை நான் மறுப்பேனா? என்னிடமும் தண்ணீர்ப் போத்தலோடு வருகிறார்கள். நான் சொல்வது, வண்டியில் ஏறிக்கொண்டு ஓதுங்கள் என்பதுதான். மருந்து செய்யுங்கள் என்று ஏவியவரும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே. மௌலவியின் வாசலில் காத்திருக்கும் அரை மணித்தியாலம், பரியாரி வீட்டில் இன்னொரு அரை மணித்தியாலம் என்று போனால் ஊசிக்கு நேரம் தப்பிவிடும். முக்கியமாக, இமை தொங்கி, பேச்சுக் குழறியவருக்கு ஓதிய தண்ணீர் என்றாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

படுக்குமுன் விரிப்பைத் தட்டிவிடும் ஸுன்னத் நமக்குத் தெரிந்ததே; அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. நம் வீட்டில் பாய் நாள் முழுதும் மூலையில் சுருட்டிக் கிடக்கிறது. இரவில் விரித்ததும் விழுந்துவிடுகிறோம். பாயை மட்டுமல்ல, தொங்கவிட்ட தொழுகை உடுப்பையும் பிள்ளைகளின் சப்பாத்தையும் உதறிப் போடுங்கள். முடிந்தால் கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். நுளம்போடு பாம்பும் வெளியே நிற்கும். விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள்.

சிலந்தியைக் கொல்லலாமா என்றும் கேட்கிறீர்கள். தவ்ர் குகை வாசலில் அது வலை பின்னிய சம்பவத்தைச் சொல்லிக் கொல்லக்கூடாது என்பார்கள். அந்த அறிவிப்பின் தரத்தில் ஹதீஸ்கலை அறிஞர்கள் கருத்து வேறுபட்டிருக்கிறார்கள், அதை வைத்து ஹராம் என்று சொல்ல முடியாது. தொல்லை தராத வீட்டுச் சிலந்தியை விளக்குமாற்றால் வெளியே தள்ளிவிடுவது நல்லது. பிள்ளைகள் நடமாடும் அறையில் திவி மக்குளுவா வந்தால் அடியுங்கள்.

கடைசியாக, சிலந்தியே கடிக்காமல் சிலந்தியின் மேல் விழும் பழிகள். முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கமாக மட்டும் வரிசையாகக் கொப்புளம் போட்டு எரிந்தால் 'சிலந்தி ஓடிவிட்டது' என்று எண்ணெய் பூசுகிறார்கள். பெரும்பாலும் அது அக்கி. சிறு வயதில் வந்த கொப்புளிப்பானின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து பிறகு எழும்புவது. மூன்று நாளுக்குள் டொக்டரிடம் போனால் மருந்து நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். காலையில் எழும்பும்போது கழுத்தில் கோடு இழுத்தாற்போல் வெந்திருந்தால், இரவு விளக்குக்கு வரும் செம்மஞ்சளும் கறுப்புமான, எறும்பைப் போன்ற சிறு வண்டு நசுங்கியிருக்கும். அது கடிப்பதில்லை, அதன் சாறுதான் சுடுகிறது. உடம்பில் ஊர்ந்தால் நசுக்காமல் ஊதிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

குருநாகல் சகோதரி, உங்கள் மாமிக்குச் சீனி வருத்தம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நோவு குறைந்த பிறகும் அந்தக் கையை இரண்டு வாரம் தினமும் பார்த்து வாருங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் கிருமி ஏறியிருக்கிறது. கிளினிக் நாள் வரட்டும் என்று பாராமல் அன்றே கொண்டுபோய், அந்தப் பேனாக் கோட்டையும் டொக்டரிடம் காட்டுங்கள்.